தாளைச் சொல்லிப் போடுங்கோ: இணைய 304 மேசைக்குப் பார்வையற்ற ஒருவர் திரும்பிய நிகழ்வு ஆய்வு

304 என்னும் சீட்டாட்டத்தை ஆடுபவர்களுக்குத் தெரியும், இந்த ஆட்டத்தில் கண்ணுக்கு வேலை குறைவு. 32 தாள், நாலு பேர், ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள். ஓர் இனத்துக்கு 76, நாலு இனமும் சேர்ந்தால் 304. ஆளுக்கொரு தாள் விழுந்து ஒரு பிடி முடிந்ததும் அந்தத் தாள்கள் கவிழ்ந்து போய்விடும். பிறகு என்ன போயிற்று, யாரிடம் என்ன மிச்சம் என்பதெல்லாம் தலைக்குள்தான் இருக்கும். மற்ற இனங்களை வெட்டும் துரும்பே கவிழ்த்து வைத்த ஒரு தாள். ஏலத்தில் அதிக புள்ளிக்குக் கேட்டு அதை வைத்தவர்தான் 'கேட்டவர்'; அவரைத் தவிர மற்ற மூவருக்கும் அது தெரியாது.

இப்படிப்பட்ட ஆட்டத்தை விட்டு, பார்வை போன ஒருவர் ஏன் விலக வேண்டி வருகிறது? யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் என் பெரியப்பாவின் அனுபவத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறேன். ரொறன்ரோவில் அவருடைய மகன், லண்டனில் சித்தப்பா, உரும்பிராயில் மாமா. இந்த நால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் 304 ஆடுகிறார்கள். அவர்களோடு பெரியப்பா சேர முடியாமல் இருந்து, பிறகு சேர்ந்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கணினி வகுப்பு நடத்துகிறேன் என்பதால் அவருடைய மடிக்கணினிக்கும் நானே பொறுப்பு.

பெரியப்பாவுக்குக் குளுக்கோமா. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும் நோய். பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை நெடுநாள் நிற்கும். போனது திரும்பாது. சீட்டு மேசையில் இது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது எங்கள் யாருக்கும் அது விளங்கவில்லை. கையில் பிடித்திருந்த எட்டுத் தாளும் அவருக்கு நன்றாகத் தெரிந்தன. ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவர்கள் போட்டது தெரியவில்லை. "என்ன விழுந்தது?" என்று ஒவ்வொரு பிடிக்கும் கேட்டார். ஆட்டத்தில் கவனம் இல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பார்வை முழுதாகப் போவதற்கு முன்பே அவர் மேசையை விட்டு எழும்பிவிட்டார்.

நேரில் ஆடும்போது இதற்கு வழி ஒன்றும் கடினமில்லை. பார்வையற்றவர்கள் சேர்ந்து ஆடும் மேசைகளில் எங்கும் உள்ள வழக்கம், தாளைச் சொல்லிப் போடுவது. "ஆட்டின் பத்து" என்று சொல்லிக்கொண்டே போட்டால் போதும். தன் கையிலிருப்பதை அறிய மூலையில் பிரெய்ல் குத்திய தாள் உண்டு. ஊனோ என்ற சீட்டு விளையாட்டின் நிறுவனமான மாட்டெல்கூட, அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்போடு சேர்ந்து 2019இல் பிரெய்ல் ஊனோவை வெளியிட்டது. கைதடி நுபீல்ட் பாடசாலையிலோ சுன்னாகம் வாழ்வகத்திலோ சிறுவயதிலிருந்து பிரெய்ல் பழகிய பிள்ளைகளுக்கு அது கைவந்த காரியம். வயது போன பிறகு பார்வை இழந்தவருடைய விரலுக்கு அந்தப் புள்ளிகள் இலகுவில் பிடிபடுவதில்லை. பெரியப்பா முயன்றார், பிறகு விட்டுவிட்டார். அவருக்குக் காது போதும்.

ஆனால் மேசையே இல்லாமல் போனதுதான் பெரிய சிக்கல். கூட ஆடியவர்களில் பாதிப்பேர் நாட்டில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இது ஒரு வீட்டுக் கதையா என்ன? கொக்குவிலில் இரவு ஏழரை என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பின்னேரம் இரண்டு மணி, ரொறன்ரோவில் காலை ஒன்பது. அந்த ஒரு நேரத்தில்தான் நால்வரையும் ஒன்றாக இருத்தலாம். அதுவும் இணையத்தில் மட்டும்.

முதலில் ஒரு செயலி

மற்ற மூவரும் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த கைத்தொலைபேசிச் செயலியைத்தான் அவருக்கும் போட்டுக் கொடுத்தோம். அவருடைய தொலைபேசியில் டாக்பேக் இருக்கிறது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன உள்ளது என்று வாசித்துச் சொல்லும் வசதி. அழைப்பு எடுப்பது, செய்தி கேட்பது எல்லாம் அதன் துணையோடு அவரே செய்கிறார். செயலியைத் திறந்ததும் டாக்பேக் வாயை மூடிக்கொண்டது. விரலை எங்கே வைத்தாலும் ஒன்றுமில்லை. ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் "பெயரில்லாத பொத்தான்" என்றது.

காரணம் எளிது. இப்படியான விளையாட்டுகள் பல, திரை முழுவதையும் ஒரே படமாக வரைந்து காட்டுகின்றன. கண்ணுக்கு அங்கே எட்டுத் தாள், நாலு பெயர், ஒரு புள்ளிப் பலகை. திரைவாசிப்பானுக்கு அங்கே இருப்பது ஒரு வெற்றுச் சதுரம். அந்தப் படத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரும் வேலையும் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாசித்திருக்கும். எழுதிக் கொடுக்கவில்லை.

அதைவிட அவரை நோகடித்தது நேரக்கணக்கு. குறித்த வினாடிக்குள் தாள் போடாவிட்டால் செயலி தானே ஒன்றைப் போட்டுவிடும். நான் பக்கத்தில் இருந்து "உங்களிட்ட இஸ்பேட் மூண்டு, கிளாவர் இரண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஒன்பது மேசையில் கிடந்தது. பெறுமதியான தாளை இயந்திரம் எறிந்துவிட்டது. லண்டனிலிருந்து சித்தப்பா, "என்ன அண்ணை, ஒன்பதைக் குடுத்திட்டியள்?" என்று கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை.

பிறகு அவர் என்னிடம் சொன்னதுதான் இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை. "பிள்ளை, என்ன தாள் விழுந்தது எண்டு ஆராவது சொன்னால் காணும். மிச்சத்தை நான் பாப்பன்."

இருப்பவை, இல்லாதவை

பார்வையற்றோருக்கென்றே தொடக்கத்திலிருந்து கட்டிய இணைய விளையாட்டுக் கூடங்கள் உலகில் உண்டு. குவென்டின்சி பிளேரூம், ஆர்எஸ் கேம்ஸ் இரண்டும் அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கே படத்தை நம்பி எதுவும் இல்லை. எழுத்தும் ஒலியும் விசைப்பலகையும்தான். தாள் விழுந்தால் பெயரைச் சொல்லும், முறை வந்தால் ஒரு ஒலி வரும். பார்வை உள்ளவரும் அதே மேசையில் உட்காரலாம். ஆட்டங்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் பழகியவை. பெரியப்பாவுக்கு வேண்டியது அவருக்குப் பதின்ம வயதிலிருந்து தெரிந்த 304, அதுவும் தமிழில், அதுவும் தன் ஆட்களோடு. புது ஆட்டம் பழகச் சொன்னால் பழகியிருப்பார். ஆனால் மகனோடும் தம்பியோடும் இருந்து கதைத்துக்கொண்டு ஆடுவதற்கு அது ஈடாகாது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா மென்பொருள் வேலை செய்பவர். வலையுலாவியிலேயே ஆடக்கூடிய ஒரு 304 மேசையை அவரே எழுதத் தொடங்கினார். கொக்குவிலில் மடிக்கணினியில் என்விடிஏ போட்டு வைத்திருந்தேன். அது இலவசத் திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கல் கரன் 2006இல் ஒஸ்திரேலியாவில் தொடங்கி, உலகம் முழுவதும் பரவியது. அதோடு வரும் இஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது. கரகரத்த குரல்தான். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் உடையாது. பெரியப்பா கேட்கும் வேகத்தில் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

எங்கெங்கே உடைந்தது

முதல் வடிவத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, எல்லாமே வாசித்தது. ஆனாலும் ஆட முடியவில்லை. பெயர் கொடுப்பது பாதி வேலைதான் என்பது அங்கேதான் தெரிந்தது.

தாள் எடுக்க 1 முதல் 8 வரை எண் விசைகள் என்று அண்ணா வைத்திருந்தார். நல்ல யோசனை. ஆனால் வலைப்பக்கத்தை வாசிக்கும்போது என்விடிஏ அந்த எண்களைத் தானே பிடித்துக்கொள்ளும். 1 முதல் 6 வரை தலைப்புகளுக்குத் தாவும் விசைகள். பெரியப்பா மூன்றாம் தாளைப் போட 3ஐ அழுத்தினால், மூன்றாம் நிலைத் தலைப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. விளையாட்டுப் பகுதியை ஒரு தனிச் செயலிப் பகுதி என்று நிரலில் குறித்த பிறகுதான் விசைகள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது, போட்ட தாள் மறைந்ததும், திரைவாசிப்பான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் கவனக்குறியும் சேர்ந்து மறைந்தது. கையிலிருந்த பொத்தான் திரையிலிருந்து நீங்கியதால், திரைவாசிப்பான் பக்கத்தின் தலைப்புக்குத் திரும்பி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. பார்ப்பவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இவருக்கோ ஒவ்வொரு தாளுக்கும் மேசையை விட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி. தாள் போனதும் மிச்சத் தாள்களில் முதலாவதுக்குக் கவனம் வரும்படி அது மாற்றப்பட்டது.

இதைவிட நுணுக்கமானது நேரடி அறிவிப்புகளில் இருந்தது. வலைப்பக்கத்தில் ஏதாவது மாறினால் தானாகச் சொல்லும்படி ஒரு பகுதியைக் குறித்து வைக்கலாம். அதில் இரண்டு வகை. ஒன்று, பேசிக்கொண்டிருப்பது முடியும்வரை பொறுத்துச் சொல்லும். மற்றது, இடைவெட்டிச் சொல்லும். "உங்கள் முறை" என்பது முக்கியம் என்று அதை இடைவெட்டும் வகையில் வைத்திருந்தார் அண்ணா. விளைவு என்ன? சித்தப்பா தாள் போட்டவுடன் பெரியப்பாவின் முறை வரும். "சித்தப்பா, கிளா..." என்று தொடங்கிய குரலை "உங்கள் முறை" வெட்டிவிடும். முறை வந்தது தெரியும். எதன்மேல் போடுவது என்பது தெரியாது. இரண்டையும் ஒரே வசனமாக்கி, "சித்தப்பா, கிளாவர் பத்து. உங்கள் முறை" என்று பொறுத்துச் சொல்லும் வகையில் வைத்ததும் தீர்ந்தது.

இன்னொன்றைக் கண்டுபிடித்தது பெரியப்பாவே. 304இல் துரும்பு மூடியிருக்கும்வரை, விழுந்த இனம் கையில் இல்லாதவர் தாளைக் கவிழ்த்துப் போடுவார். இரண்டு பேர் அடுத்தடுத்துக் கவிழ்த்தால் "கவிழ்த்த தாள்" என்று ஒரு தரம்தான் கேட்டது. அறிவிப்புப் பகுதியில் எழுத்து மாறாவிட்டால் திரைவாசிப்பானுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "ஒரு ஆள் குறையுது" என்றார். மூன்று தாள் விழுந்ததாகக் கேட்டது, முறையோ சுற்றி வந்துவிட்டது. அந்தக் கணக்கில் பிடித்தார். ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டவர் பெயரைச் சேர்த்ததால் எழுத்து மாறியது, குரலும் வந்தது.

எனக்கு மிகப் பிடித்த திருத்தம் வேறு. கவிழ்த்த தாள் உள்ள பிடி முடிந்ததும், கேட்டவர் அதைப் பார்ப்பார். துரும்பு இருந்தால் துரும்பைத் திறப்பார், இல்லாவிட்டால் அப்படியே ஒதுக்கிவிடுவார். பார்வை உள்ளவர்கள் ஒதுக்குவதைப் பார்க்கிறார்கள்; அது துரும்பு இல்லை என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். பெரியப்பாவுக்கு அந்த இடத்தில் மௌனம். ஒன்றும் நடக்காததும் ஒரு செய்தி என்பதை யாரும் நினைக்கவில்லை. இப்போது மேசை சொல்கிறது: "கவிழ்த்த தாளில் துரும்பு இல்லை."

அதன் பலன் ஓர் ஆட்டத்தில் தெளிவாகத் தெரிந்தது. சித்தப்பா கேட்டிருந்தார், துரும்பு மூடியிருந்தது. பெரியப்பா கிளாவர் ஜாக்கைப் போட்டார். அவருடைய சோடி மாமா ஒரு தாளைக் கவிழ்த்தார். பிடி பெரியப்பாவுக்கு வந்தது, துரும்பு இல்லை என்று குரலும் வந்தது. மாமாவிடம் கிளாவர் இல்லை, முதலில் கவிழ்த்த இனம் துரும்பும் இல்லை. பெரியப்பா கொஞ்சமும் யோசிக்காமல் கிளாவர் ஏழைப் போட்டார். மாமா இந்தமுறை வேறு இனம் கவிழ்த்தார், அதுதான் துரும்பு. சித்தப்பா திறக்க வேண்டி வந்தது. கேட்ட ஆள் தோற்றார்.

எதை முதலில் சொல்வது

தாளின் பெயரைச் சொல்லும் ஒழுங்குகூடப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. "ஜாக், இஸ்பேட்" என்பதா, "இஸ்பேட் ஜாக்" என்பதா? ஆடுபவருக்கு முதலில் வேண்டியது இனம், அந்த இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். எனவே இனம் முன்னால். கையை வாசிக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் இனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், "இஸ்பேட்: ஜாக், ஏழு. கிளாவர்: ஆஸ், பத்து, ராசா" என்று கட்டுக்கட்டாக வாசிக்கிறது. அடுக்கும் 304இன் அடுக்கு: ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து, ராசா, ராணி, எட்டு, ஏழு.

தாளின் எழுத்தும் குறியும் வரைபடமாகவோ ஆங்கில எழுத்தாகவோ இருந்தால் தமிழ்க் குரல் தடுமாறும். சில குரல்கள் இனக்குறியை விட்டே விடும். அதனால் எல்லாம் தமிழ்ச் சொல்லாக எழுதப்பட்டது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் கட்டாயம். ஆங்கிலம் என்று இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் போய் ஒவ்வோர் எழுத்தாகப் பெயர் சொல்லத் தொடங்கும், அல்லது பேசாமல் நிற்கும். சின்ன வரிதான், எத்தனையோ தமிழ்த் தளங்களில் அது இல்லை.

தானாகச் சொல்வது குறைவாகவும், கேட்டால் சொல்வது நிறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த வழி. விழும் தாள், முறை, பிடி யாருக்கு, துரும்பு திறந்ததா: இவ்வளவுதான் தானாக வரும். கை, மேசை, புள்ளி, யார் எவ்வளவுக்குக் கேட்டார், கடைசிப் பிடி: ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை.

நேரக்கணக்கை எடுத்தே விட்டோம். இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி, நேர எல்லை இருந்தால் அதை நீட்டவோ நிறுத்தவோ வழி வேண்டும் என்கிறது. ஆனால் ஏலம் போல உடனுக்குடன் நடப்பவற்றுக்கு விலக்குத் தருகிறது. பலர் கூடி ஆடும் சீட்டாட்டத்தை அந்த விலக்குக்குள் தள்ளிவிட்டுக் கையைக் கழுவலாம். சொந்தக்காரர் நாலு பேர் ஆடும் மேசைக்கு வினாடிக் கணக்கு எதற்கு என்பது என் கேள்வி. யாராவது நெடுநேரம் யோசித்தால், "என்ன, நித்திரையோ?" என்று கேட்க ஆள் இருக்கிறார்கள்.

உதவியா, களவா

ஒரு கட்டத்தில் அண்ணா இன்னொரு விசையைச் சேர்த்தார். அழுத்தினால் அதுவரை போன தாள்கள் எல்லாவற்றையும் இனவாரியாகச் சொல்லும். அப்பாவுக்கு இலகுவாக இருக்கட்டும் என்ற அன்புதான். பெரியப்பா ஒரு தரம் அழுத்திக் கேட்டுவிட்டு, அதை எடுக்கச் சொன்னார். "மற்ற ஆக்களுக்குத் தெரியாததை எனக்கு ஏன் சொல்லுறாய்? அது களவு."

அவர் சொன்னது சரி. மேசையில் விழும்போது எல்லோரும் பார்த்ததை அவருக்குச் சொல்வது சமம். எல்லோரும் மறந்திருக்கக்கூடியதை அவருக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பது சமம் இல்லை. பார்வையற்றவருக்கு எதையாவது செய்து கொடுக்கும்போது நாங்கள் இலகுவாகத் தாண்டிவிடும் கோடு இது. கடைசிப் பிடியைத் திரும்பக் கேட்கும் விசை இருக்கலாம், ஏனென்றால் எங்கள் மேசையில் கடைசிப் பிடியைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் அனுமதி உண்டு. அதற்கு முந்தியது யாருக்கும் இல்லை.

ஒலியிலும் ஒரு நியாயப் பிரச்சினை வந்தது. ஆட்டத்தோடு கூடவே நால்வரும் குரல் அழைப்பில் இருப்பார்கள். கதை இல்லாமல் என்ன காட்ஸ்? மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் என்விடிஏ அவருடைய கையை வாசிக்க, அழைப்பின் ஒலிவாங்கி அதை அப்படியே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பியது. எட்டுத் தாளும் அம்பலம். சித்தப்பா நேர்மையாக, "அண்ணை, உங்கட கை எங்களுக்குக் கேக்குது" என்று சொன்னார். இப்போது மடிக்கணினியில் கம்பி உள்ள காதொலிப்பான், அதுவும் ஒரு காதில் மட்டும். அழைப்பு தொலைபேசியில், மற்றக் காதுக்கு. இதற்கு நிரல் எதுவும் தேவைப்படவில்லை.

விளையாட்டுக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று உறவில் ஒருவர் கேட்டார். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கமாக வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நாடு 2016இல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களோடு சமமாகப் பங்கெடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. பென்சன், பாதை, பாடசாலை என்று நாங்கள் கேட்கும் பட்டியலில் இது கடைசியில்கூட வருவதில்லை. ஞாயிறு இரவு மூன்று நாட்டு ஆட்களோடு சண்டை பிடித்துச் சிரிக்கும் பெரியப்பாவைப் பார்த்த பிறகு, அதைக் கடைசியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் தீராதவை

கைத்தொலைபேசியில் இந்த மேசை இன்னும் சரியாக ஓடவில்லை. தொலைபேசியில் அழுத்த விசைகள் இல்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போய் இரு முறை தட்டித்தான் தாள் போட வேண்டும். அப்படித் தள்ளும்போது அது வாசிப்பதும் மேசை அறிவிப்பதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மடிக்கணினி எல்லோரிடமும் இருப்பதில்லை; தொலைபேசி இருக்கிறது. எனவே அடுத்த வேலை அதுதான். இணைப்பு அறுந்து திரும்பி வருபவருக்கு, விட்ட இடத்திலிருந்து எவ்வளவைச் சொல்வது என்பதும் முடிவாகவில்லை: அவர் இல்லாதபோது விழுந்த தாள்களை முழுதாகச் சொல்லலாம் என்கிறார் அண்ணா, அந்தப் பிடியை மட்டும் சொன்னால் போதும் என்கிறார் மாமா. பெரியப்பா மாமாவின் பக்கம்.